நடுப்பாட்டில் நின்ற இசைப்பெட்டி: ஓர் அருங்காட்சியகத்தில் நேர்ந்த சேதமும் சீரமைப்பும்

எட்டுப் பாட்டு வாசிக்கும் பழைய உருளை இசைப்பெட்டி ஒன்று, பார்வையாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தபோதே நடுப்பாட்டில் நின்றுவிட்டது. அன்று மாலை அதைச் சரிசெய்யத் திருப்புளியை வைத்த சில நொடிகளில், இசையை எழுப்பும் எஃகுச் சீப்பின் ஆறு பற்கள் போயின. உருளையில் அந்தப் பற்களை மீட்டும் முட்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை வளைந்தன. பெட்டி நின்றது சிறு கோளாறு. சேதத்துக்குக் காரணம், பாகங்களைக் கழற்றிய வரிசை. இப்படிப்பட்ட பெட்டிகளைக் கையாளுகிறவர்கள் அந்த வரிசையை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிவு.

பெட்டியும் பின்னணியும்

மணியும் சுத்தியலும் இல்லாமல், எஃகு நாக்குகளை மீட்டி இசை எழுப்பும் முறையை 1796இல் ஜெனீவாவின் கடிகாரக் கைவினைஞர் ஆன்டுவான் ஃபாவ்ர் அந்நகரின் கலைச் சங்கத்திடம் காட்டினார். அடுத்த நூற்றாண்டில் ஜூரா மலையில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் சான்ட்-க்ருவா இத்தொழிலின் பெரிய மையமாயிற்று. ரூஜ், தோரன்ஸ் போன்ற பெயர்கள் அங்கே இசைப்பெட்டியிலிருந்துதான் தொடங்கின. 1880களின் பிற்பகுதியில் லைப்சிக் நகரிலிருந்து தகடு மாற்றும் பெட்டிகள் வந்தன, பிறகு ஃபோனோகிராஃப் பரவியது. உருளைப் பெட்டிகளின் காலம் முடிந்தது.

இந்தப் பெட்டி அந்தக் கடைசி நல்ல பத்தாண்டைச் சேர்ந்தது. ஸ்விட்சர்லாந்து எல்லையை ஒட்டிய சிறு நகர அருங்காட்சியகம் ஒன்றுக்கு ஒரு குடும்பம் நன்கொடையாகக் கொடுத்தது. பித்தளை உருளை 28 செ.மீ. நீளம். சீப்பு ஒரே துண்டு, 66 பற்கள். ஒரு பல்லின் நுனிக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 4 மி.மீ. இடைவெளி. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் உருளை அரை மி.மீ. பக்கவாட்டில் நகரும், அந்த 4 மி.மீ.க்குள் எட்டுப் பாட்டின் முட்களும் அடுத்தடுத்த தடங்களில் நிற்கின்றன. ஒரு பாட்டு ஒரு சுற்று, ஏறத்தாழ ஒரு நிமிடம். முட்கள் 0.3 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கம்பிகள். மொத்தம் சில ஆயிரம். உருளையின் உட்சுவரில் குங்கிலியம் கலந்த பிசின் உருக்கி ஊற்றப்பட்டிருக்கும். முட்களை உள்ளிருந்து பிடித்து நிறுத்துவதும், பித்தளைக் குழாய் தகரம் போல ஒலிக்காமல் தடுப்பதும் அதுதான்.

அருங்காட்சியகத்தில் இது எல்லோருக்கும் பிடித்த பெட்டி. வாசிக்கும் நிலையில் இருந்தது, ஒலியும் கனமானது. ஆகவே வழிகாட்டிகள் ஒவ்வொரு குழுவுக்கும் இதையே ஓட்டிக் காட்டினார்கள். கோடைக்காலத்தில் ஒரே நாளில் பல முறை லீவரை இழுத்துச் சாவி கொடுத்தார்கள். எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு எங்கும் எழுதப்படவில்லை.

முன்னறிகுறிகள்

நிற்பதற்கு ஓராண்டு முன்பிருந்தே தாழ்ந்த சுரங்களில் கீச்சொலி கேட்கத் தொடங்கியது. வழிகாட்டிகள் அதைப் பழமையின் இயல்பு என்று எடுத்துக்கொண்டார்கள். சில பார்வையாளர்களுக்கு அது பிடித்தும் இருந்தது. ஆனால் கீச்சொலி தேய்மானத்தின் ஒலி. மீட்டப்பட்ட பல் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே அதை மீண்டும் மீட்ட அடுத்த முள் வந்து சேரும். அதிரும் நுனி முள்ளில் தடதடவென்று மோதினால் கீச்சிடும். அதைத் தவிர்க்கத்தான் பல்லின் அடியில் டேம்பர் இருக்கிறது. தாழ்ந்த, நடு சுரப் பற்களில் அது மயிர்போன்ற எஃகுக் கம்பி. உச்ச சுரங்களுக்குச் சற்று முன்னுள்ள பற்களில் கோழி இறகின் மெல்லிய கீற்று. மிக உச்சத்தில் ஒன்றும் தேவையில்லை. முள் நுனியைத் தொடுமுன் டேம்பரைத் தொடும், அதிர்வு அடங்கும், பிறகே பல் தூக்கப்படும். டேம்பர் ஒடிந்தாலோ கோணினாலோ எஃகு எஃகை அரிக்கும். ஒவ்வொரு கீச்சுக்கும் பல்நுனியில் ஒரு துளி தேய்மானம் உண்டு. அதைத் திரும்ப வைக்க முடியாது.

இன்னொரு அறிகுறியும் இருந்தது. பாட்டின் தொடக்கத்தில் வேகம் சற்று இழுபட்டு, பிறகு சீராகும். உருளையின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விசிறிப் பொறியான கவர்னரில் எண்ணெய் கெட்டியாகிவிட்டதன் அடையாளம் அது. இதுவும் குறிக்கப்படவில்லை.

நின்ற நாள்

மூன்றாம் பாட்டின் நடுவில், வேகம் குறையாமலே, பெட்டி சட்டென்று நின்றது. வழிகாட்டி லீவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூடியைச் சாத்தி, பொறுப்பாளரிடம் சொன்னார். அதுவரை எல்லாம் சரி. சேதம் எதுவும் இல்லை.

மாலையில் அருங்காட்சியகத்துக்கு வழக்கமாகக் கடிகாரங்களைப் பார்த்துக்கொடுக்கும் பழுதுபார்ப்பவர் அழைக்கப்பட்டார். கடிகாரத்தில் தேர்ந்த கை அவருக்கு. பெட்டி தானாக நின்றதால் ஸ்பிரிங் இறங்கிவிட்டது என்று கருதினார். கவர்னரின் எண்ணெய் காய்ந்திருப்பதைச் சரியாகவே கண்டார். அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய அதன் மேல் பாலத்தின் திருகைத் தளர்த்தினார்.

ஸ்பிரிங் இறங்கியிருக்கவில்லை. அன்று சற்று முன்புதான் முழுக்கச் சாவி கொடுத்திருந்தார்கள். கவர்னர் சிக்கியதால் மட்டுமே பெட்டி நின்றிருந்தது. அதாவது முழு விசையையும் தாங்கிக்கொண்டிருந்தது அவர் திருப்புளி வைத்த அந்த ஒரு பாகம்தான். பாலம் தளர்ந்ததும், அது பிடித்திருந்த திருகுப்புரித் தண்டு (வார்ம் ஷாஃப்ட்) சாய்ந்தது, சக்கரத்தின் பற்கள் அதைத் தாண்டிச் சென்றன, உருளை சுழன்றது. அவர் உடனே பாலத்தை அழுத்திப் பிடித்தார். வார்ம் மறுபடி மாட்டிக்கொண்டது. அந்த விரைவால்தான் உருளை கால் சுற்றோடு நின்றது. பிடிக்காமல் விட்டிருந்தால் ஸ்பிரிங் தீரும்வரை பல சுற்று ஓடி, சீப்பில் பாதி போயிருக்கும்.

ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று போக வேண்டிய உருளை ஒரு நொடிக்குள் கால் சுற்று போனால், பற்களுக்கு எழும்பி விழ நேரம் கிடைப்பதில்லை. ஒடிந்த நுனி அடுத்த முள்ளில் சிக்கும். சிக்கிய முள் அடுத்த பல்லை இழுக்கும்.

சேத மதிப்பீடு

மறுநாள் அருங்காட்சியகம் யாரையும் தொடவிடாமல், இசைப்பெட்டி மட்டுமே செய்யும் கைவினைஞர் ஒருவரை வரவழைத்தது. இந்த முடிவுதான் பெட்டியைக் காப்பாற்றியது. நேற்றைய வேலையை முடித்துவிடும் எண்ணத்தில் யாராவது கவர்னரை மறுபடி கழற்றியிருந்தால், மிச்சமிருந்த விசை முழுவதும் சீப்பின்மேல்தான் இறங்கியிருக்கும்.

அவர் முதலில் செய்தது, விசை இருக்கிறதா என்று பார்த்தது. ஸ்பிரிங் டிரம்முக்கு அடுத்த சக்கரத்தை விரல்நுனியால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். பற்களுக்கிடையே சிறு தளர்வு தெரிந்தால் விசை இல்லை. கல்போல் நின்றால் விசை இருக்கிறது. இங்கே கல்போல் நின்றது. ஸ்பிரிங்கின் தண்டில் இறுகப் பொருந்தும் கைப்பிடியை மாட்டி, பளுவைத் தன் கையில் வாங்கி, ஸ்பிரிங் பின்னோக்கி அவிழாமல் தடுக்கும் ராட்செட் கொக்கியைத் தூக்கி, ஒவ்வொரு பல்லாக விட்டு இறக்கினார். அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை. கைப்பிடி வழுக்கினால் மணிக்கட்டு போகும்.

பிறகு சீப்பு. நடுப்பாட்டில் நின்ற பெட்டியில் சில பற்கள் முட்களின்மேல் ஏறி நிற்கும். திருகுகளை ஒரு முனையிலிருந்து வரிசையாகக் கழற்றிக்கொண்டே போனால் சீப்பு சாய்ந்து அந்தப் பற்களை நெரிக்கும். எல்லாத் திருகுகளையும் கால் திருப்பு கால் திருப்பாகத் தளர்த்தி, சீப்பை அதன் அடித்தகட்டோடு நேராகப் பின்னோக்கி எடுத்தார். சீப்பு வெளியே வந்த பிறகே கவர்னரைத் தொட்டார்.

உருப்பெருக்கியில் கண்டவை இவை. உச்ச சுரப் பகுதியில் ஐந்து பல்நுனிகள் ஒடிந்திருந்தன. நடுப்பகுதியில் ஒரு பல் வேரோடு போயிருந்தது. மூன்றாம் பாட்டின் தடத்தில், கால் சுற்று அகலத்துக்கு 130 முட்கள் வளைந்தும் 19 முட்கள் ஒடிந்தும் கிடந்தன. மற்ற ஏழு பாட்டின் முட்கள் ஏறக்குறைய நலம். ஓட்டத்தின்போது உருளை மூன்றாம் பாட்டின் நிலையில் இருந்ததால் பல்நுனிகள் அந்தப் பாட்டின் முட்களை மட்டுமே எதிர்கொண்டன. ஆனால் பக்கவாட்டில் சாய்ந்த முட்கள் அரை மி.மீ. தள்ளியுள்ள அடுத்த தடத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. அப்படியே விட்டால் இரண்டாம், நான்காம் பாட்டுகளில் இடையிடையே தவறான சுரம் ஒலிக்கும்.

யாரும் எதிர்பாராத ஒன்றும் சீப்பின் அடியில் இருந்தது. தாழ்ந்த சுரப் பற்களுக்கு எடை சேர்க்க அடியில் ஈயக்கட்டிகள் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் ஐந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தன. மூடிய மரப்பெட்டிக்குள் மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமிலம் போன்ற ஆவிகள் ஈயத்தை மெதுவாகக் கார்பனேட்டாக மாற்றுகின்றன. மாறும்போது கட்டி உப்புகிறது. இங்கே இரண்டு இடங்களில் பக்கத்துக் கட்டியைத் தொடும் அளவுக்கு உப்பியிருந்தது. ஒரு பல்லை மீட்டினால் அடுத்ததும் அதிரும்; சுரம் மங்கும். தாழ்ந்த சுரங்கள் சில காலமாகக் குழைந்து ஒலித்ததற்கு இதுவே காரணம். விபத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. சீப்பைக் கழற்றியிருக்காவிட்டால் இது இன்னும் பல ஆண்டுகள் கண்ணில் பட்டிருக்காது.

எதைச் சரிசெய்வது, எதை விடுவது

மூன்று வழிகள் பேசப்பட்டன. ஒன்று, பெட்டியை அப்படியே காட்சிக்கு வைத்து, பதிவு செய்த இசையை மட்டும் கேட்க விடுவது. இரண்டு, உருளைக்கு முழுவதும் புதிய முள் போடுவது. மூன்றாவது, சேதமானதை மட்டும் தொடுவது.

இரண்டாவது வழிக்கு ஆதரவு இருந்தது. பெட்டி புதிது போல ஒலிக்கும் என்பது உண்மை. ஆனால் பிசினை உருக்கி எடுத்து, பழைய முட்களை அமிலத்தில் கரைத்துவிட்டு, ஒவ்வொரு துளையிலும் புதுக்கம்பி ஏற்றி, நீளத்தைச் சமமாகச் சாணை பிடிக்க வேண்டும். 1880களில் ஒரு மலையூரில் ஒருவர் உட்கார்ந்து கையால் ஏற்றிய முட்கள் அதோடு போய்விடும். ஏழு பாட்டின் முட்கள் நன்றாக இருக்கும்போது அவற்றைக் கரைக்கச் சொல்வது மீட்பு ஆகாது என்று கைவினைஞர் சொன்னார். அந்த வாதமே நின்றது. உருளை மிகத் தேய்ந்த பெட்டிகளுக்கு முழு மறுமுள் சரியான வழியாக இருக்கலாம். இந்த உருளைக்கு அது மிகை.

மூன்றாம் வழி தேர்வானது, ஒரு நிபந்தனையோடு: ஒடிந்த முட்களுக்குப் பதில் புதியவை போடுவதில்லை. தனித்தனியாக முள் மாற்ற, ஒடிந்த வேரை 0.3 மி.மீ. துளையிடும் ஊசியால் குடைய வேண்டும், அரை மி.மீ. தள்ளி நிற்கும் நல்ல முள் அந்த அதிர்வில் தளரலாம். மூன்றாம் பாட்டில் கால் நிமிடத்துக்குச் சில சுரங்கள் விடுபடும், அவ்வளவுதான்.

சீரமைப்பு

சீப்பின் எஃகு கடினப்படுத்தப்பட்டு, பிறகு 300 டிகிரி செல்சியஸ் அளவில் பதப்படுத்தப்பட்டது. அதற்கு மேல் சூடு ஏறினால் பல் மென்மையாகி ஒலி செத்துவிடும். ஆகவே வெள்ளிப் பற்று வைக்கக்கூடாது. 183 டிகிரியில் உருகும் ஈய-வெள்ளீயப் பற்றே வைக்க வேண்டும். நுனி ஒடிந்த பல்லில் மெல்லிய ரம்பத்தால் பிளவு ஒன்றை வெட்டி, முன்கூட்டியே கடினப்படுத்தி நீலநிறம் வரும்வரை பதப்படுத்திய எஃகுச் சில்லை அதில் செருகி, பற்றவைத்து, நுனியை அரத்தால் வடிவாக்கினார். வேரோடு போன பல்லுக்கு சீப்பின் அடிக்கட்டையில் பிளவிட்டு முழுப் பல்லாகப் பொருத்தினார். ஒவ்வொரு பற்றுக்கும் பிறகு சோடாக் கரைசலால் கழுவி உலர்த்தினார். பற்றுவைக்கும் திரவத்தில் மிச்சமிருக்கும் அமிலம் சில மாதங்களில் பல்லிடுக்கில் துருவாக வெளிவரும்.

சுருதி சேர்ப்பது அடுத்த வேலை. பல்லின் அடிப்புறத்தில் வேருக்கருகே அராவினால் பல் நெகிழ்ந்து சுருதி இறங்கும். நுனிக்கருகே அராவினால் எடை குறைந்து ஏறும். எந்தச் சுருதிக்குச் சேர்ப்பது? அடிக்கடி வரும் சுரங்களுக்கு இசைப்பெட்டியில் ஒரே சுருதியில் இரண்டு மூன்று பற்கள் இருக்கும். ஒரே பல்லை உடனே மறுபடி மீட்ட முடியாது என்பதால் அந்த ஏற்பாடு. ஆறில் நான்கு பற்களுக்கு அப்படி ஜோடிப் பல் சீப்பிலேயே இருந்தது. மற்ற இரண்டுக்கு, தன்னார்வலர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எட்டுப் பாட்டையும் பதிவு செய்து வைத்திருந்த ஒலிக்கோப்பு உதவியது. இன்றைய பியானோவின் சுருதியை அளவாக வைத்திருந்தால் ஆறும் தவறியிருக்கும். இந்தச் சீப்பின் சுருதி அதனோடு ஒத்துப்போகவில்லை.

ஈயக்கட்டிகளில் வெள்ளைப் பொடியை ஈரத்துணியால் ஒற்றியெடுத்தார். கையுறையும் முகமூடியும் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. ஈயப் பொடி நஞ்சு. ஒட்டிக்கொண்ட கட்டிகளுக்கு நடுவே மெல்லிய ரம்பத்தால் இடைவெளி ஏற்படுத்தினார். இரண்டு கட்டிகள் உள்ளே வரை உதிர்ந்துவிட்டதால் புதிதாக வார்த்து ஒட்டிச் சுருதி சேர்த்தார். மற்ற மூன்றையும் கண்காணிப்பில் விட்டார்கள்.

உருளையில் வளைந்த முட்களை, முள்ளின்மேல் சரியாகப் பொருந்தும் துளையுள்ள சிறு எஃகுக் குழாயால் நிமிர்த்தினார். குழாயை முள்ளின் அடிவரை இறக்கி, பித்தளைப் பரப்பில் ஊன்றி, ஒரே அசைவில் நிமிர்த்த வேண்டும். இரண்டாம் முறை வளைத்தால் முள் ஒடியும். நிமிர்ந்த முள் செங்குத்தாக நிற்கக்கூடாது. சுழலும் திசையில் சற்று முன்சாய்ந்திருக்க வேண்டும், பக்கத்து முட்களைப் பார்த்தே அந்தச் சாய்வைப் பிடிக்க முடியும். 130இல் 11 ஒடிந்தன. விபத்தில் போன 19ஐயும் சேர்த்து மூன்றாம் பாட்டில் 30 முட்கள் இல்லை.

கவர்னரைப் பிரித்ததில் வார்ம் திருகின் ஒரே இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. தண்டின் மேல்முனையைத் தாங்கும் கல்லில் காய்ந்த எண்ணெயும் நூல் துணுக்கும் இருந்தன. பெட்டியைத் துடைத்த துணியின் நூல் அது என்று கருதப்படுகிறது. வார்மைப் புதிதாகச் செய்து, விசிறியைப் பழையதே வைத்து, கடிகார எண்ணெயில் ஒரு சிறு துளி மட்டும் இட்டார். கடைசியாக டேம்பர்கள்: கம்பி டேம்பர் வேண்டிய எல்லாப் பற்களுக்கும் புதிது. பழைய கம்பித் துண்டை அகற்றி, புதுக்கம்பியைத் துளையில் செருகி, கூம்புப் பித்தளை ஆணியால் இறுக்கி, முள் வரும் பக்கம் லேசாக வளைக்க வேண்டும். வளைவு குறைந்தால் கீச்சொலி. கூடினால் பல் ஒலிக்கும் முன்பே அடங்கிவிடும். மொத்த வேலையில் அதிக நேரம் எடுத்தது இதுதான், பெட்டியின் ஒலியை மீட்டதும் இதுதான்.

பின்னர் நடந்தது

பெட்டி மீண்டும் வாசிக்கிறது. கீச்சொலி இல்லை. தாழ்ந்த சுரங்கள் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றன. நன்கொடை கொடுத்த குடும்பத்தினர் அந்தச் சுரங்களை இப்படிக் கேட்டதில்லை என்றார்கள். மூன்றாம் பாட்டின் இடைவெளிகளைக் கூர்ந்து கேட்பவர் மட்டுமே கண்டுபிடிக்கிறார். வழிகாட்டிகள் அதை மறைக்காமல் சொல்கிறார்கள்.

இப்போது வாரம் ஒரு முறை, இரண்டு பாட்டு மட்டும். மற்ற நேரங்களில் பதிவு. தினசரி செயல்விளக்கத்துக்கு அண்மைக்காலத்தில் செய்த சிறு இயந்திரம் ஒன்றை வாங்கினார்கள். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், குழந்தைகள் கையில் கொடுக்கவும் முடிகிறது. ஓராண்டு கழித்துச் சீப்பைக் கழற்றிப் பார்த்ததில் ஒரு டேம்பர் மட்டும் கோணியிருந்தது. பற்றுவைத்த இடங்களில் துரு இல்லை.

மாற்றியவை

கண்ணாடி உள்மூடியில் ஓர் அட்டை ஒட்டப்பட்டுள்ளது: விசையை இறக்கு, சீப்பை எடு, பிறகே கவர்னர். பழுதுபார்க்க வருகிறவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் அந்த வரிசையைப் படித்துக் கையொப்பமிட்ட பிறகே கருவியை எடுக்கிறார். நடுப்பாட்டில் நின்ற பெட்டியை விசையேறிய பெட்டி என்றே கருத வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஸ்பிரிங் டிரம்மையே பிரிப்பதானால் ஒரு கூடுதல் எச்சரிக்கை: விசை தீர்ந்து பெட்டி தானாக நின்ற பிறகும், குருசு வடிவத் தடைச் சக்கரம் ஸ்பிரிங்கில் கொஞ்சம் முறுக்கை மிச்சம் வைத்திருக்கும். தண்டைக் கைப்பிடியால் பிடிக்காமல் அந்தத் தடையைக் கழற்றக்கூடாது.

கீச்சொலி கேட்ட அன்றே பெட்டி நிறுத்தப்படும். ஒவ்வொரு ஓட்டமும் ஏட்டில் ஏறும். பாட்டு முடிந்து, முட்கள் இல்லாத இடைவெளி பற்களுக்கு நேரே வந்த நிலையில்தான் பெட்டியை நகர்த்துவார்கள். நடுப்பாட்டில் பாட்டு மாற்றும் நெம்புகோலைத் தொடுவதற்குத் தடை, ஏனெனில் பற்களின் கீழ் நிற்கும் முட்கள் பக்கவாட்டில் இழுபட்டு வளையும். சேகரிப்பில் வாசிக்கும் நிலையிலுள்ள எல்லாப் பெட்டிகளின் எல்லாப் பாட்டும் பதிவு செய்யப்படுகிறது.

கிடங்கில் ஓக் மரத் தட்டுகளுக்குப் பதில் உலோகத் தட்டுகள் வந்துவிட்டன. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைக்கப்படுகிறது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கரித்தூள் பை ஒன்று அமில ஆவியை உறிஞ்ச இருக்கிறது. மற்ற உருளைப் பெட்டிகளின் சீப்புகளையும் அடிப்புறம் பார்க்கும் வேலை தொடங்கியிருக்கிறது. இதுவரை பார்த்தவற்றில் இன்னும் இரண்டில் ஈயம் பூத்திருக்கிறது. அவற்றை உடனே மாற்றுவதா, இடைவெளி மட்டும் ஏற்படுத்திக் காத்திருப்பதா என்பதைக் கைவினைஞர் அடுத்த முறை வரும்போது முடிவு செய்வார்கள். அதுவரை அந்த இரண்டும் விசை இறக்கிய நிலையில், மூடி திறந்தபடி கிடங்கில் இருக்கின்றன.